தூர் வாராத வாய்க்காலும் துடைக்காத ஸ்விட்சும்



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் பேரவைச் செயலாளர் என் பெஞ்சுக்கு வந்து நின்றபோது, "கவிதை எழுதித் தரட்டுமாண்ணே?" என்றுதான் கேட்டேன். "கவிதை ஏற்கெனவே 42 வந்து கிடக்குது. அதுல 30 காதல் கவிதை. நீயாவது உருப்படியா ஒண்ணு எழுதுடா" என்றார். உருப்படியாக எழுத என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது நான் செய்த ஒரு தப்பு. அதைத்தான் எழுதுகிறேன்.

"ஸ்விட்ச்" என்ற சொல்லைத் தலைப்பில் பார்த்ததும் சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் மழை உண்டு, நெல் உண்டு, திட்டு வாங்கிய கதையும் உண்டு.

என் அப்பா விவசாயி. நிலம் வெண்ணாற்றுப் பாசனம். என் படிப்புச் செலவுக்கு வழி செய்ய, இரண்டாமாண்டு முதல் சனி, ஞாயிறுகளில் தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பழகி வருகிறேன். கடையின் பெயர் வேண்டாம். எனக்குச் சோறு போட்ட இடம். அங்கே கற்றுக்கொண்டதில் பாதியைக்கூட நான் வகுப்பில் கற்கவில்லை என்பதை இந்த மலரைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் மன்னிப்பார்களாக.

சென்ற தை மாதம், பொங்கல் முடிந்த சனிக்கிழமை. சம்பா அறுவடை உச்சத்தில் இருந்தது. டெல்டாவில் எந்த ரோட்டில் போனாலும் டிராக்டர் டிப்பரில் நெல். எங்கள் கடைக்குப் போன் வந்தது. ஊருக்கு வெளியே உள்ள ஒரு பெரிய அரிசி ஆலை. இரவு கரண்ட் ஏறி இறங்கியதில் எடை மேடை அறையில் இருந்த நெட்வொர்க் ஸ்விட்ச் எரிந்துவிட்டது. சீனியர் அண்ணன் அன்று கும்பகோணம் பக்கம் வேறு வேலையில் இருந்தார். போனிலேயே சொன்னார்: "தம்பி, மேல் தட்டுல நம்ம பழைய ஸ்விட்ச் ஒண்ணு இருக்கும் பாரு. அதை ரீசெட் பண்ணி எடுத்துட்டுப் போய் மாட்டு. ரீசெட் பண்ணாம மாட்டிடாத."

நானும் ரீசெட் செய்தேன். நம் ஆய்வகத்தில் ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, மார்க்கும் வாங்கிய அதே முறைதான். "எரேஸ் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்" என்று கட்டளை கொடுத்தேன். பிறகு "ரீலோட்". சேமிக்கவா என்று கேட்டபோது "நோ". ஸ்விட்ச் எழுந்து வந்து, பெயர்கூட இல்லாமல், புதிதாகப் பிறந்த குழந்தை மாதிரி என்னைப் பார்த்தது. அண்ணன் மறுபடி போன் செய்து, "ரீசெட் பண்ணிட்டியா?" என்றார். "பண்ணிட்டேண்ணே" என்றேன். அது பொய் இல்லை. அதே சமயம் உண்மையும் இல்லை.

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன் விலான் என்றால் என்ன என்பதை மற்ற துறை நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

கல்லணைக்குப் போகாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஒரே காவிரிதான் வருகிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. எந்த மதகை எவ்வளவு திறக்கிறார்களோ அந்த அளவு தண்ணீர் அந்தப் பக்கம் போகும். வெண்ணாற்றுத் தண்ணீர் தானாகவே கல்லணைக் கால்வாய்க்குள் ஏறிவிடாது. ஒரு ஸ்விட்சுக்குள் இப்படித் தனித்தனி வாய்க்கால் வெட்டுவதுதான் விலான். பெட்டி ஒன்றுதான். ஆனால் 10-ஆம் எண் விலானில் இருக்கும் கம்ப்யூட்டர் கூப்பிடுவது 20-ஆம் எண் விலானில் இருப்பதற்குக் கேட்காது. இடையில் ரவுட்டர் போன்ற ஒன்று வழி விட்டால்தான் உண்டு. இப்படி 1 முதல் 4094 வரை எண் கொடுக்கலாம். இதற்கான பொது விதியை ஐ.இ.இ.இ. அமைப்பு 802.1கியூ என்ற பெயரில் 1998-இல் வெளியிட்டது.

சரி, ஒரு கட்டடத்தில் உள்ள ஸ்விட்சிலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு ஒரே ஒரு கேபிள்தானே போகிறது, அதில் மூன்று வாய்க்கால் தண்ணீரும் கலந்துவிடாதா? கலக்காது. ஒரே லாரியில் மூன்று பேருடைய நெல் மூட்டையை ஏற்றும்போது என்ன செய்கிறோம்? மூட்டைக்கு மூட்டை குறி போடுகிறோம். அதுபோல ஒவ்வொரு தகவல் துண்டுக்கும் விலான் எண்ணைக் குறியாகப் போட்டு அனுப்புவார்கள். அந்தக் கேபிளுக்கு ட்ரங்க் என்று பெயர்.

அந்த ஆலையில் 5 ஸ்விட்ச். அலுவலகத்துக்கு 10, எடை மேடைக்கு 20, கேமராக்களுக்கு 30. பல வருடங்களுக்கு முன் எங்கள் கடைதான் அமைத்துக் கொடுத்திருக்கிறது. எல்லாம் ஸிஸ்கோ கேட்டலிஸ்ட் வகை. அந்த வகையில் வி.டி.பி. என்று ஒரு வசதி உண்டு. ஒரு ஸ்விட்சில் விலான் பட்டியலை எழுதினால் போதும், ட்ரங்க் வழியாக மற்ற ஸ்விட்சுகளும் அதைப் பார்த்துக் காப்பி அடித்துக்கொள்ளும். பரீட்சை ஹாலில் ஒருத்தன் எழுத, வரிசை முழுக்க எழுதுகிற மாதிரி! யார் பேப்பரைப் பார்த்து எழுதுவது என்று முடிவு செய்ய இரண்டு விஷயம் பார்க்கும். ஒன்று, டொமைன் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதுவும் பொருந்த வேண்டும். இரண்டு, திருத்த எண். பட்டியலில் ஒவ்வொரு முறை விலான் சேர்க்கும்போதும், நீக்கும்போதும், பெயர் மாற்றும்போதும் அந்த எண் கூடும். யாருடைய எண் பெரிதோ அவர் பட்டியல்தான் புதியது என்று எல்லா ஸ்விட்சும் நம்பிவிடும். எண் பெரிதாக இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். பட்டியல் சரியா என்று பார்க்காது.

இப்போது கதைக்கு வருகிறேன்.

ஆலைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று இருக்கும். கேட்டுக்கு வெளியே டிராக்டரும் லாரியுமாக 11 வண்டிகள் நின்றன. வடகிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது. எரிந்த ஸ்விட்சைக் கழற்றி, நான் கொண்டுபோனதை மாட்டி, ட்ரங்க் கேபிளைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு பெருமூச்சு விட்டேன். போர்ட்டுகளுக்கு விலான் எண் கொடுக்க லேப்டாப்பைத் திறந்தேன். அதற்குள் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார்.

"என்னாப்பா பண்ணுன? எடை மேடை மட்டுந்தான் படுத்திருந்துச்சு. இப்ப ஆபீஸும் சேர்ந்து படுத்துடுச்சு! கேமராவும் போச்சு!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக் கேபிளைப் பிடுங்கினேன். ஆகவில்லை. எப்படி ஆகும்? காப்பி அடித்து முடித்த பிறகு பேப்பரைப் பிடுங்கினால் எழுதியது அழிந்துவிடுமா?

அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் கத்தவில்லை. "ஷோ விலான் பிரீஃப் போட்டு வாசி" என்றார். ஆலையின் ஸ்விட்சில் வாசித்தேன். 10 இல்லை, 20 இல்லை, 30 இல்லை. அதற்குப் பதிலாக 5, 50, 77, 123! பெயர்கள் "டெஸ்ட்", "டெஸ்ட்2", "மச்சான்". எங்கள் கடையில் வேலை பழகிய பையன்கள் பழைய ஸ்விட்சில் விளையாட்டாக வைத்த பெயர்கள். அந்த மச்சானுக்கு அரிசி ஆலை முழுவதும் சொந்தமாகிவிட்டது.

"ஷோ வி.டி.பி. ஸ்டேட்டஸ் போடு. நம்ம ஸ்விட்சுல போடு." போட்டேன். திருத்த எண் 94. ஆலையுடையது 17 ஆக இருந்தது என்று பிறகு பழைய நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். டொமைன் பெயர் இரண்டிலும் ஒன்றே, ஆலையின் பெயர்ச் சுருக்கம். ஏன் என்றால் அந்தப் பழைய ஸ்விட்ச், முன்பு ஒரு காலத்தில் இதே ஆலையிலிருந்து கழற்றி வந்தது! மூன்று வருடம் எங்கள் தட்டில் இருந்து, பையன்கள் கையில் பட்டு, எண் ஏறி, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது.

"நான்தான் ரீசெட் பண்ணேனேண்ணே!" என்றேன், அழுகிற குரலில்.

"விலான் டாட் டேட்டை டெலிட் பண்ணுனியா?"

பண்ணவில்லை. ஏன் பண்ணவில்லை? நம் ரெக்கார்டு நோட்டில் அந்த வரி இல்லை.

நண்பர்களே, விஷயம் இதுதான். அந்த வகை ஸ்விட்சுகளில் தொடக்கக் கட்டமைப்பு ஒரு கோப்பு. விலான் பட்டியல் வேறொரு கோப்பு. அது ஃபிளாஷ் நினைவகத்தில் "விலான் டாட் டேட்" என்ற பெயரில் தனியாக உட்கார்ந்திருக்கும். டொமைன் பெயரும் திருத்த எண்ணும்கூட அதில்தான். "எரேஸ் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்" முதல் கோப்பைத்தான் அழிக்கும். இரண்டாவதைத் தொடாது. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது கூடத்தைப் பெருக்கிக் கழுவிவிட்டுப் பரணை மறந்துவிட்ட கதை. புதிதாகக் குடி வந்தவன் தலையில் பரண் சாமான் விழுகிறது.

இதில் என் பங்கு என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். கடையில் ரீசெட் முடித்தபின் நான் "ஷோ விலான்" போட்டுப் பார்த்தேன். 5, 50, 77, 123 நாலும் என் கண்ணில் பட்டன. "எல்லா போர்ட்டும்தான் 1-க்கு வந்துவிட்டதே, இந்தப் பேர்கள் கிடந்தால் என்ன கெட்டுப்போகும்" என்று விட்டுவிட்டேன். தெரியாமல் செய்தது பாதி, பார்த்தும் விட்டது பாதி. இரண்டாவது பாதிதான் இன்றும் உறுத்துகிறது.

சரிசெய்த விதமும் ஒரு பாடம். ஆலையில் விலான் பட்டியலின் நகல் எதுவும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. ஆனால் எந்தப் போர்ட் எந்த விலான் என்ற வரி அந்தந்த ஸ்விட்சின் கட்டமைப்பில் அப்படியே இருக்கும். பட்டியலில் எண் அழிந்ததும் அந்தப் போர்ட் செயலிழந்து நிற்குமே தவிர, தன் எண்ணை மறக்காது. அண்ணன் சொன்னபடி ஒவ்வொரு ஸ்விட்சாக ஓடி, கன்சோல் கேபிள் மாட்டி, "ஷோ ரன்" போட்டு, போர்ட்டுக்குக் கீழே எழுதியிருந்த எண்களைத் துண்டுப் பேப்பரில் குறித்தேன். 10, 20, 30. அவற்றை ஒரு ஸ்விட்சில் மறுபடி உருவாக்கினேன். மற்றவை இந்த முறை நல்ல பேப்பரைப் பார்த்துக் காப்பி அடித்தன. அலுவலகம் உயிர் பெற்றது. அதன்பின் எங்கள் ஸ்விட்சைத் தனியே வைத்து, விலான் டாட் டேட்டை அழித்து, ரீலோட் செய்து, திருத்த எண் பூஜ்யம் என்று கண்ணால் பார்த்தபிறகு மாட்டினேன். எல்லாம் முடிய இரண்டேகால் மணி நேரம்.

அந்த இரண்டேகால் மணி நேரத்தில் இருபது நிமிடம் மழை பெய்தது.

எடை மேடையில் எடை தெரிந்தது. அது கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு வரும், கம்ப்யூட்டரிலிருந்து அலுவலக சர்வருக்குப் போனால்தான் சீட்டு அச்சாகும். வரிசையில் மூன்றாவதாக நின்ற டிராக்டருக்குச் சொந்தக்காரர், தலையில் துண்டோடு என்னிடம் வந்தார். "தம்பி, சீட்டைக் கையால எழுதித் தரக்கூடாதா?" என்று கேட்டார். கணக்குப்பிள்ளை குறுக்கே புகுந்து, "கையால எழுதுனா கணக்குல ஏறாது பெரியவரே, செத்த பொறுங்க" என்றார். பெரியவர் பொறுத்தார். மழை பொறுக்கவில்லை. தார்ப்பாயில் ஒரு கிழிசல். ஓரத்தில் இரண்டு மூட்டை அளவு நெல் நனைந்தது.

நெல்லில் ஈரம் என்றால் என்ன என்று டெல்டாக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசுக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்ற ஒரு எண்ணுக்காக எத்தனை மனு, எத்தனை மறியல் நம் மாவட்டங்களில் நடந்திருக்கின்றன! இது தனியார் ஆலை. அவர்கள் வரம்பு சொல்லமாட்டார்கள், விலையைக் குறைப்பார்கள். குறைத்தார்கள். அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. நான்தான் காரணம் என்று அவருக்குத் தெரியாது. "கம்ப்யூட்டர்னா அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

இல்லை பெரியவரே, கம்ப்யூட்டர் அப்படி இல்லை. நாங்கள் அப்படி. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊரில் மேட்டூர் திறப்பதற்கு முன் அப்பா மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போவார். வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். என்று திறந்தாலும் தண்ணீர் வருமுன் தூர் வாரியாக வேண்டும். சின்னப் பையனாக இருந்தபோது நானும் போவேன். மேலே இருக்கிற கோரையையும் ஆகாயத் தாமரையையும் அரித்துப் போட்டுவிட்டு, "முடிஞ்சுதுப்பா" என்பேன். அப்பா மண்வெட்டிக் காம்பை உள்ளே விட்டுக் காட்டுவார். ஒரு முழம் வண்டல் இருக்கும். "மேல சுத்தமா இருந்தா தண்ணி போயிடுமாடா?" என்பார். ஊர் கூடித் தூர் வாருவதற்குக் குடிமராமத்து என்று நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். நடுவில் வழக்கொழிந்து, 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். பழையதை அடியோடு எடு, அப்புறம் புதியதை விடு.

ரீசெட் என்பதும் தூர் வாருவதுதான். நாம் ஆய்வகத்தில் கோரையை மட்டும் அரித்துப் போட்டுவிட்டு மார்க் வாங்குகிறோம்.

இதற்கு என்னிடம் சிலர் மறுப்புச் சொன்னார்கள். அவற்றையும் நேர்மையாகச் சொல்கிறேன்.

"வி.டி.பி.யெல்லாம் பழசுடா, இப்ப யாரு உபயோகிக்கிறா?" என்றான் என் பெஞ்சுக்காரன். உண்மை, பல இடங்களில் அதை நிறுத்தி வைக்கிறார்கள். மூன்றாம் பதிப்பில் "பிரைமரி சர்வர்" என்று நியமிக்கப்பட்ட ஸ்விட்ச் மட்டுமே பட்டியலை மாற்ற முடியும் என்று காவல் போட்டுவிட்டார்கள். ஆனால் ஒன்று யோசியுங்கள். புதுச் சரக்கு பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ஆலையிலும் ஆஸ்பத்திரியிலும் பள்ளியிலும் ஓடுவது பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் சரக்கு. டிப்ளமோ முடித்து நாம் முதலில் தொடப்போவதும் அந்தப் பழசைத்தான். பழசைத் தொடுகிறவனுக்குத்தான் பழசின் குணம் தெரிய வேண்டும்.

"பேக்கெட் ட்ரேசரிலேயே எல்லாம் செய்து பார்க்கிறோமே?" என்றார் ஒரு தோழி. நல்ல மென்பொருள்தான். 60 பேர் வகுப்புக்கு நிஜ ஸ்விட்ச் ஆளுக்கு ஒன்று எந்தக் கல்லூரியாலும் வாங்க முடியாது. ஆனால் திரையில் ஒரு ஸ்விட்ச் வேண்டாம் என்றால் என்ன செய்கிறோம்? அந்தப் படத்தை அழித்துவிட்டுப் புதுப் படத்தை இழுத்துப் போடுகிறோம். பொம்மை ஸ்விட்சுக்குப் பழசு என்பதே கிடையாது. நிஜ ஸ்விட்சுக்கு ஒரு பூர்வாசிரமம் உண்டு. இந்த வித்தியாசத்தை யாராவது நமக்குச் சொல்லியிருக்கிறார்களா? இத்தனைக்கும் விலான் டாட் டேட்டை அழிப்பதை அந்த மென்பொருளிலேயே செய்து பார்க்கலாம். செலவு ஒரு பைசா கிடையாது.

"எல்லா கம்பெனி ஸ்விட்சும் இப்படியா?" என்று ஒரு ஆசிரியர் கேட்டார். இல்லை ஐயா. சில வகைகளில் விலான் விவரமும் அதே கட்டமைப்புக் கோப்பில்தான் இருக்கும், அதை அழித்தால் எல்லாம் போய்விடும். அதனால்தான் கட்டளையை மனப்பாடம் செய்வது மட்டும் போதாது என்கிறேன். "இந்தப் பெட்டி எதை எங்கே வைத்திருக்கிறது?" என்று முதலில் கேட்கும் பழக்கம் வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் கட்டளை தானாக வரும்.

பழையதைத் துடைக்காமல் விட்டால் நெல் நனைவதோடு நிற்காது. 2023-இல் இ.எஸ்.இ.டி. என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் 18 ரவுட்டர்களை வாங்கித் திறந்து பார்த்தார்கள். அவற்றில் 9-இல் முன்னாள் சொந்தக்காரரின் முழுக் கட்டமைப்பும் அப்படியே இருந்ததாம். யார் வைத்திருந்தது, உள்ளே எப்படி அமைத்திருந்தார்கள் என்பதெல்லாம் காசு கொடுத்து வாங்கியவன் கையில். நம் ஊரில் அலுவலகங்கள் பழைய சாமானை ஏலம் விடும்போது இதை யார் பார்க்கிறார்கள்? கிலோ கணக்கில் எடை போட்டு விற்கிறோம். எடை மேடைக்குக் கட்டமைப்பின் கனம் தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? குறை சொல்வது சுலபம். என் யோசனைகள் இவை.

முதலாவது, நம் ஆய்வகக் கையேட்டில் ரீசெட் பயிற்சிக்குக் கீழே சில வரிகள் சேர்க்க வேண்டும். ஒன்று, எல்லாக் கேபிளையும் கழற்று, கன்சோல் மட்டும் இருக்கட்டும். இரண்டு, "டெலிட் ஃபிளாஷ் விலான் டாட் டேட்" கொடு. கோப்பின் பெயரை உறுதி செய்யச் சொல்லிக் கேட்கும்போது எதையும் டைப் செய்யாதே, என்டர் மட்டும் தட்டு. "எஸ்" என்று நீட்டி முழக்கினால் "எஸ்" என்ற பெயரில் கோப்பு தேடும்! அப்படி ஒரு கோப்பே இல்லை என்று வந்தால் பயப்படாதே, முன்பு யாரும் விலான் உருவாக்கவில்லை என்று பொருள். மூன்று, தொடக்கக் கட்டமைப்பை அழி, ரீலோட் செய், சேமிக்காதே. ரீலோட் செய்யும்வரை பழைய பட்டியல் நினைவில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நான்கு, எழுந்த பிறகு விலான் பட்டியலையும் வி.டி.பி. நிலையையும் பார். 1-ஆம் எண்ணும், 1002 முதல் 1005 வரை தானாக இருக்கும் எண்களும் தவிர வேறு ஏதாவது தெரிந்தால் வேலை முடியவில்லை. ஒரு எச்சரிக்கை: பெருமையாக "எரேஸ் ஃபிளாஷ்" என்று கொடுத்துவிடாதீர்கள். வண்டலோடு வாய்க்கால் கரையும் போய்விடும். ஸ்விட்சை இயக்கும் மென்பொருளே அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, செய்முறைத் தேர்வில் கட்டளைக்கு மட்டும் மார்க் தராமல், "ரீசெட் ஆகிவிட்டது என்று நிரூபி" என்று கேட்டு அதற்கு மார்க் தர வேண்டும். கேட்டால்தான் படிப்போம். நம் குணம் நமக்குத் தெரியாதா?

மூன்றாவது, ஆய்வகத்தில் ஒவ்வொரு ஸ்விட்சிலும் ஒரு காகிதம் ஒட்டுவோம். கடைசியாகத் துடைத்தது யார், என்று, திருத்த எண் என்ன. பேர் போட்டுக் கையெழுத்துப் போட்டால் கை தானாகச் சுத்தமாக வேலை செய்யும். இதை மாணவர் பேரவையே எடுத்துச் செய்யலாம். பசையும் காகிதமும் நான் வாங்கித் தருகிறேன்.

நான்காவது, வேலைக்குப் போகும் இடத்தில் எல்லாம், விலான் எண்ணும் பெயரும் போர்ட்டும் எழுதிய ஒரு தாளை ஸ்விட்ச் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். வி.டி.பி. தேவைப்படாத இடத்தில் "டிரான்ஸ்பரன்ட்" நிலையில் வையுங்கள். அப்போது அது யார் பேப்பரையும் பார்க்காது, தன் பேப்பரையும் காட்டாது. அந்த நிலைக்கு மாற்றினாலே திருத்த எண்ணும் பூஜ்யமாகிவிடும்.

நான் இதையெல்லாம் எழுதிக் காட்டியபோது கடையில் அண்ணன் படித்துவிட்டுச் சிரித்தார். "தப்பு என் மேலயும் இருக்கு தம்பி. ரீசெட் பண்ணுன்னு சொன்னேன், எப்படின்னு சொல்லல" என்றார். வேலையிலிருந்து என்னை நிறுத்தவில்லை. ஆனால் அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தம் உண்டு. அந்தப் பணத்தை அந்தப் பெரியவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் ஊர் பேர் எனக்குத் தெரியாது. டிராக்டர் நிறம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. நீலம்.

அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஃபிளாஷ், கோப்பு, திருத்த எண் எதுவும் அவருக்குப் புரியவில்லை. இரண்டு மூட்டை நனைந்தது மட்டும் புரிந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யாரு வீட்டு நெல்லுப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

நண்பர்களே, நாளை நீங்கள் ஒரு ஸ்விட்சைத் துடைக்கும்போது, அதன் மறுமுனையில் யாரோ ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையைப் பார்த்து நிற்பார். உங்களுக்கு அவரைத் தெரியாது. அவருக்கு உங்களைத் தெரியாது. அவருக்காக அந்த ஒரு வரியைச் சேர்த்துத் தட்டுங்கள்.



— மூன்றாமாண்டு மாணவன், கணிப்பொறித் துறை